பிரவுசிங் கடைக்குச் சொந்தமாகச் சின்னச் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள்: எங்கே தொடங்குவது?

கேள்வி இது: "அண்ணா, கடலூர் திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸும் பிரவுசிங்கும் சேர்ந்த கடை வைத்திருக்கிறேன். தேர்வு விண்ணப்பம், போட்டோ சைஸ் குறைப்பது, வயது கணக்கு, பெயர்ப் பட்டியலை எக்செலில் ஏற்றுவது என்றே நாள் போகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு இலவச வெப்சைட்டைத் தேடிப் போகிறேன். பாதி நேரம் விளம்பரத்தை மூடுவதிலேயே கழிகிறது. காலேஜில் ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் படித்தேன். இதையெல்லாம் நானே எழுதிக்கொள்ள முடியுமா? ரியாக்ட் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டுமா? போனிலும் ஓடுமா?"

தம்பி, தாராளமாக முடியும். ரியாக்ட் என்பது பெரிய தளங்கள் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்; அது வேண்டாம், எதையும் இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். நோட்பேடும் குரோமும் போதும். நான் புதுச்சேரியில் பல வருஷமாக வெப் வேலை பார்க்கிறேன்; தெரிந்த கடைக்காரர்களுக்கு இப்படிச் சின்னக் கருவிகள் எழுதிக் கொடுத்தும் இருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இதில் ஜாவாஸ்கிரிப்ட் பகுதி சுலபம். தேதி, தமிழ்ப் பெயர், முகவரி என்று உள்ளே வருகிற சரக்குதான் படுத்தி எடுக்கும். அதனால் என் பதிலில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் இருக்கும்.

விளம்பரத் தொல்லையை விடுங்கள், அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. "போட்டோ சைஸ் குறைக்க" என்று தேடிப் போகும் பல தளங்களில் வாடிக்கையாளரின் முகம், கையெழுத்து, ஆதார் நகல் எல்லாம் யாரோ ஒருவருடைய சர்வருக்கு ஏறுகிறது. அங்கே எத்தனை நாள் கிடக்கிறது, யார் பார்க்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, நம்பி கொடுத்தவருக்கும் தெரியாது. நீங்களே எழுதும் ஒரு எச்டிஎம்எல் கோப்பில், அதாவது வெப் பக்கக் கோப்பில், படம் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு நகராது. எல்லா வேலையும் பிரவுசருக்குள்ளேயே முடிந்துவிடும். சந்தேகமாக இருந்தால் நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள், ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் நெட் போகும்போதும் போட்டோ வேலை நிற்காது. சொந்தமாக எழுதச் சொல்வதற்கு எனக்கு இதுதான் முதல் காரணம். நேரம் மிச்சமாவது இரண்டாவதுதான்.

எழுதியதை ஓட்ட மூன்று வழி உண்டு. ஒன்று, டெஸ்க்டாப்பில் ஒரு எச்டிஎம்எல் கோப்பு. உள்ளேயே ஸ்கிரிப்ட், உள்ளேயே ஸ்டைல், இரட்டைக் கிளிக் செய்தால் திறக்கும். போட்டோ, வயது கணக்கு போன்று தனியாக நிற்கும் வேலைகளுக்கு இது. இரண்டு, புக்மார்க்லெட். சாதாரண புக்மார்க்தான், முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல், ஒரு முக்காற்புள்ளி, அதன் பின்னால் உங்கள் கோட். ஏதாவது ஒரு தளத்தில் இருக்கும்போது அதை அழுத்தினால் அந்தப் பக்கத்தின் மேலேயே ஓடும். அடுத்தவர் தளத்திலிருந்து பட்டியலை எடுக்க, படிவத்தை நிரப்ப இது. மூன்று, எஃப் 12 அழுத்தினால் வரும் கன்சோல். எழுதிப் பார்க்க, சோதிக்க. டாம்பர்மங்கி மாதிரி எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொண்டால் குறிப்பிட்ட தளம் திறந்ததும் கோட் தானாக ஓடும்படி செய்யலாம். ஆனால் முதல் மூன்றும் பழகிய பிறகு அதற்குப் போங்கள்.

புக்மார்க்லெட்டில் ஒரு சின்ன வில்லங்கம். கோட் கடைசியில் ஏதாவது ஒரு எழுத்துச் சரத்தைத் திருப்பிக் கொடுத்தால், பிரவுசர் இருக்கிற பக்கத்தையே துடைத்துவிட்டு அந்தச் சரத்தைக் காட்டிவிடும். பாதி நிரப்பிய விண்ணப்பம் போயே போச்சு. முழுக் கோடையும் ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு, எதையும் ரிட்டர்ன் செய்யாமல் உடனே ஓடும்படி எழுதினால் இந்தப் பிரச்சினை வராது. பாதுகாப்புக் கட்டுப்பாடு கறாராக உள்ள சில தளங்களில் புக்மார்க்லெட் ஓடாமலும் போகலாம். அங்கே கன்சோல்தான் கை கொடுக்கும்.

முதல் கருவியாக ரொம்பச் சாதாரணமான ஒன்றைச் செய்யுங்கள். வேலை முடிந்ததும் பிடிஎஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி எண் கொடுப்பார்கள் இல்லையா? அதற்காக ஒவ்வொருவர் எண்ணையும் போனில் சேமிக்க வேண்டியதில்லை. ஒரு பெட்டி, ஒரு பட்டன். எண்ணைப் போட்டு அழுத்தினால் வாட்ஸ்அப்பின் 'டபிள்யூஏ டாட் எம்இ' முகவரிக்குப் பின்னால் 91-உம் பத்து இலக்கமும் ஒட்டி, உரையாடல் திறக்க வேண்டும். இதில் கற்றுக்கொள்ள ஒன்றுதான் இருக்கிறது: ஆட்கள் எண்ணை எழுதும் விதம். நடுவில் இடைவெளி, முன்னால் பூஜ்யம், பிளஸ் 91, கோடு என்று எப்படியும் வரும். இலக்கம் அல்லாத எல்லாவற்றையும் களைந்துவிட்டு, கடைசிப் பத்தை மட்டும் எடுங்கள். பத்துக்குக் குறைந்தால் பட்டன் வேலை செய்யக் கூடாது. அவ்வளவுதான். இதை எழுதி முடித்து நாலு நாள் கடையில் ஓட்டினால் பயம் தெளிந்துவிடும்.

அப்புறம் போட்டோ. இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், உங்கள் கடையில் அதிகம் ஓடப் போவது இதுதான். வங்கித் தேர்வு விண்ணப்பங்களில் வழக்கமாகக் கேட்பது: போட்டோ 200-க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபி, கையெழுத்து 140-க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. இதற்கு வேண்டியது பிரவுசரில் இருக்கும் கான்வாஸ், அதாவது கோட் மூலம் படம் வரையும் பலகை. வேண்டிய பிக்சல் அளவில் ஒரு கான்வாஸ் எடுத்து, 'டிரா இமேஜ்' கொண்டு படத்தை அதில் வரைந்து, 'டு பிளாப்' என்று கேட்டால் ஜேபெக் கோப்பாகத் தரும். அதற்குப் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை ஒரு தர எண் கொடுக்கலாம். எண்ணைக் குறைத்தால் கோப்பு சிறுக்கும்.

எந்த எண் கொடுத்தால் 50 கேபிக்குள் வரும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. படத்துக்குப் படம் மாறும். அதனால் பாதி பாதியாகத் தேட வைக்க வேண்டும். 0.5 கொடுத்துப் பார், பெரிதாக இருந்தால் 0.25, சிறிதாக இருந்தால் 0.75 என்று இடைவெளியைப் பாதியாக்கிக்கொண்டே போனால் ஏழெட்டுச் சுற்றில் நெருங்கிவிடும். கண் மூடித் திறப்பதற்குள் முடிகிற வேலை. 'டு பிளாப்' உடனே பதில் தராது, முடிந்ததும்தான் கூப்பிடும். எனவே அதை ஒரு பிராமிஸுக்குள் (பதில் பிறகு வரும் என்ற வாக்கு) வைத்து, பதில் வரும்வரை காத்திருக்கச் சொல்லும் 'அவெய்ட்' போட்டுச் சுற்றை ஓட்டுங்கள். காலேஜில் 'அவெய்ட்' எதற்கு என்று புரியாமல் படித்திருந்தால் இங்கே புரிந்துவிடும்.

மேல் வரம்பை எல்லோரும் பார்ப்பார்கள், கீழ் வரம்பில்தான் மாட்டுவார்கள். 200-க்கு 230 என்பது சின்னப் படம். சாதாரணத் தரத்தில் சேமித்தாலே 20 கேபிக்குக் கீழே போய்விடும். தளம் 'அளவு குறைவு' என்று திருப்பி அனுப்பும். வாடிக்கையாளரோ 'போட்டோவைப் பெரிசு பண்ணுங்க' என்பார். பிக்சலைத் தொட வேண்டாம். தர எண்ணை ஒன்றை நோக்கி ஏற்றினாலே பெரும்பாலும் கோப்பு கனத்துவிடும். ஆகவே உங்கள் தேடல் '50-க்குள்' என்று இல்லாமல் 'இரண்டு வரம்புக்கும் நடுவில்' என்று குறி வைக்கட்டும். கேபி என்பதற்கும் இரண்டு கணக்கு உண்டு: சில தளம் 1,024 பைட் என்கும், சில தளம் 1,000 என்கும். 50 கேபி என்றால் 50,000 பைட்டுக்குள்ளும், 20 கேபி என்றால் 20,480-க்கு மேலும் வைத்துக்கொண்டால் இரண்டு கணக்கிலும் தேறும்.

இன்னும் சில விஷயங்கள். பின்னணி இல்லாத பிஎன்ஜி படத்தை அப்படியே ஜேபெக் ஆக்கினால் பின்னணி கறுப்பாகிவிடும். கையெழுத்துப் படங்களில் இது அடிக்கடி வரும். மை கறுப்பு, பின்னணியும் கறுப்பு, எதுவுமே தெரியாது. வரைவதற்கு முன் கான்வாஸ் முழுக்க வெள்ளை அடித்துவிட்டால் தீர்ந்தது. ஐபோனில் எடுத்த படங்கள் 'ஹெய்க்' என்ற வடிவில் வரும். குரோமுக்கு அது புரியாது. அதற்குக் கருவிக்குள் போராடாமல், போன் அமைப்பில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றி எடுத்து அனுப்பச் சொல்லிவிடுங்கள். சில தேர்வுகளுக்குப் போட்டோவின் கீழே பெயரும் தேதியும் வேண்டும். 'ஃபில் டெக்ஸ்ட்' ஒரே வரியில் எழுதிவிடும். கான்வாஸ் வழியாகப் போய் வந்த படத்தில், எந்த இடத்தில் எடுத்தது என்று போன் ஒட்டி வைக்கும் ஜிபிஎஸ் விவரமெல்லாம் உதிர்ந்துவிடும். கேட்காமலே கிடைக்கிற நன்மை.

அடுத்தது தேதி. ஜாவாஸ்கிரிப்டில் அனுபவசாலிகளையும் அலைய விடுவது இதுதான். மாதம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்: ஜனவரி 0, ஜூலை 6. 1995-இல் அவசர அவசரமாக மொழியை உருவாக்கியபோது ஜாவாவின் தேதி வகுப்பை அப்படியே கொண்டுவந்து வைத்த வினை அது. இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு நாளில் பழகிவிடும். பழகாதது வேறு.

நம் ஊரில் 05/08/2005 என்றால் ஆகஸ்ட் 5. இதை அப்படியே 'நியூ டேட்' டிடம் கொடுத்தால் மே 8 என்று எடுத்துக்கொள்ளும்; அமெரிக்கப் பழக்கம். 25/08/2005 கொடுத்தால் 'செல்லாத தேதி' என்று சொல்லும். கவனியுங்கள், 13-ஆம் தேதியிலிருந்து பிறந்தவர்களுக்குப் பிழை கண்ணில் படும்; 12 வரை பிறந்தவர்களுக்கு ஒரு சத்தமும் இல்லாமல் தப்பான வயது வரும். அதனால் தேதிச் சரத்தை அதனிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நீங்களே சாய்கோட்டில் வெட்டி, நாள், மாதம், ஆண்டு என்று மூன்று எண்ணாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று நம் நாட்டு நேரத்தால் வருவது. 2005 ஜூலை 1 என்று ஒரு தேதியை உருவாக்கி, அதை 'டு ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்' கொண்டு எழுத்தாக்கினால் 2005-06-30 என்று வரும். நம் நள்ளிரவு 12 மணி, உலகப் பொது நேரத்தில் (யுடிசி) முந்தைய நாள் மாலை 6.30. அந்தக் கட்டளை எப்போதும் பொது நேரத்தில்தான் எழுதும். 'ஒரு நாள் குறையுது சார்' என்று புலம்பும் இந்தியத் தளங்களில் நிறைய இந்த ஐந்தரை மணி நேரத்தின் வேலைதான்.

வயதைக் கணக்கிடும்போது, இரண்டு தேதிக்கும் உள்ள நாட்களை 365.25-ஆல் வகுத்துவிடலாம் என்று தோன்றும். வகுக்காதீர்கள். 1.7.2005-இல் பிறந்தவருக்கு 1.7.2023 அன்று 18 நிறைகிறது. நடுவில் 6,574 நாள். 365.25-ஆல் வகுத்தால் 17.998, பின்னத்தை வெட்டினால் 17. தகுதி உள்ள பிள்ளையை உங்கள் கருவி இல்லை என்று சொல்லிவிடும். விண்ணப்பங்களில் எல்லை நாளில்தான் சண்டையே வரும், அங்கேயே கணக்கு பிசகுகிறது. நேரான வழி: ஆண்டைக் கழி, மாதமும் நாளும் இன்னும் வரவில்லை என்றால் ஒன்றைக் குறை. 'இத்தனை வருடம், மாதம், நாள்' என்று கேட்டால், நாள் குறையும்போது முந்தைய மாதத்தில் எத்தனை நாளோ அதைக் கடன் வாங்கு. 2.7.2007-இல் பிறந்தவருக்கு 1.7.2025 அன்று 17 வருடம் 11 மாதம் 29 நாள் என்று வந்தால் உங்கள் கருவி சரி.

இப்போதெல்லாம் இந்தக் கோடை ஏஐயிடம் கேட்டாலே எழுதித் தந்துவிடுமே என்பீர்கள். தரும், வாங்கிக்கொள்ளுங்கள், நானும் வாங்குகிறேன். ஆனால் பிப்ரவரி 29, மார்ச் 31, எல்லை நாள், அதற்கு முந்தின நாள், பன்னிரண்டுக்குள் ஒரு தேதி, அதற்கு மேல் ஒரு தேதி, இவற்றைக் கொடுத்துக் கையால் போட்ட கணக்கோடு ஒத்துப் பாருங்கள். கடைக்கு வருகிறவர் ஏஐயிடம் சண்டை போட மாட்டார், உங்களிடம்தான் போடுவார்.

பட்டியல் எடுக்கும் வேலைக்கு வருவோம். ஒரு தளத்தில் அட்டவணையாகத் தெரிவதை எக்செலுக்குக் கொண்டுபோக வேண்டும். புக்மார்க்லெட்டில் 'குவெரி செலக்டர் ஆல்' கொண்டு வரிசைகளைப் பிடித்து, ஒவ்வொரு வரிசையிலும் கட்டங்களின் எழுத்தை எடுத்து, நடுவில் டேப் வைத்துக் கோத்து, வரிசைக்கு வரிசை புது வரி போட்டு கிளிப்போர்டில் ஏற்றுங்கள். எக்செலில் ஒட்டினால் கட்டம் கட்டமாக உட்காரும். பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் போகாது. கிளிப்போர்டு கட்டளை எச்டிடிபிஎஸ் தளங்களில்தான் கிடைக்கும். பழைய எச்டிடிபி தளமாக இருந்தால் ஒரு எழுத்துப் பெட்டியை உருவாக்கி அதில் கொட்டி, கையால் நகல் எடுத்துக்கொள்ளலாம். கன்சோலில் ஓட்டினால் 'காப்பி' என்றே ஒரு கட்டளை தயாராக இருக்கிறது.

கோப்பாக, அதாவது காற்புள்ளியால் கட்டங்களைப் பிரிக்கும் சிஎஸ்வியாகச் சேமிப்பதானால் இரண்டு தொல்லை. '12, நேரு வீதி' என்று முகவரியிலேயே காற்புள்ளி வரும். மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால் கட்டங்கள் நகர்ந்துவிடும். இரண்டாவது, இரட்டைக் கிளிக் செய்து எக்செலில் திறந்ததும் தமிழ் முழுக்கக் கிறுக்கலாகத் தெரியும். தமிழ் கெட்டுப்போகவில்லை; கோப்பு யுடிஎஃப்-8 என்ற எழுத்து முறையில் இருக்கிறது என்று எக்செலுக்குச் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். கோப்பின் தொடக்கத்தில் 'பைட் ஆர்டர் மார்க்' என்ற ஒற்றைக் குறியை முதல் எழுத்தாகச் சேர்த்தால் சரியாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு எழுத்துக்காக எத்தனை பேர் முழுப் பட்டியலையும் திரும்ப டைப் அடித்திருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

இனி தமிழ்ப் பெயர். விருத்தாசலம் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் கொளஞ்சி, கொளஞ்சியப்பன் என்று பெயர் வைத்தவர்கள் நிறையப் பேர். இரண்டு பட்டியலை ஒப்பிட்டு யார் விட்டுப்போனார்கள் என்று பார்க்கிறீர்கள். இரண்டிலும் 'கொளஞ்சி' இருக்கிறது, ஆனால் கருவி 'இல்லை' என்கிறது. காரணம், ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரு எண் கொடுக்கும் யூனிகோடில் 'கொ' வை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்றே ஒன்று. அல்லது க-வுக்குப் பின் எகரக் கொம்பு, அதன் பின் தனியாகக் கால். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று; கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. 'நார்மலைஸ்' என்ற கட்டளையை 'என்எஃப்சி' என்று சொல்லிக் கூப்பிட்டால் எல்லாம் ஒரே வடிவுக்கு வந்துவிடும். தமிழை ஒப்பிடும் முன் இதைச் செய்யாமல் நகரவே கூடாது.

'சௌந்தர்யா' இன்னும் மோசம். ஔகாரக் குறிக்குப் பதிலாகப் பலர் கொம்பு போட்டு ள-வை அடித்துவிடுவார்கள். பார்ப்பதற்குப் பிசிறில்லாமல் இருக்கும். இது எழுத்துப் பிழை என்பதால் 'நார்மலைஸ்' தொடாது. சரி, கொம்பும் ள-வும் வந்தால் ஔகாரமாக மாற்று என்று எழுதிவிடலாமா? எழுதினால் கெளுத்தி மீன் விற்கிறவர் விண்ணப்பத்தில் கெளுத்தி காணாமல் போய்விடும். அங்கே ள நிஜமான ள. ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும்: ள-வுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாதபோது மட்டும் மாற்று. கெளுத்தியில் ளு இருப்பதால் தப்பிக்கும், சௌந்தர்யா சரியாகும். எழுத்துகளை வடிவம் சொல்லித் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் 'பின்னால் இது இல்லாவிட்டால்' என்று சொல்ல வழி இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

பெயர்களை அகர வரிசைப்படுத்தினாலும் இப்படித்தான். வெறுமனே 'சார்ட்' கொடுத்தால் யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும். அதில் ன என்பது ந-வை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. நமக்கோ ன கடைசி மெய். ஆகையால் பன்னீர் முன்னால், பரணி பின்னால் என்று வரும். 'லோகேல் கம்பேர்' உடன் தமிழ் என்று மொழியைக் குறிப்பிட்டால் பரணி முன்னால் வந்துவிடுவார். எழுத்தை எண்ணும்போதும், 'கடலூர்' என்பதற்கு 'லெங்த்' 6 என்னும், 'புதுச்சேரி'க்கு 10 என்னும். நாம் எண்ணினால் 4, 5. நம் கணக்கு வேண்டுமானால் 'இன்டல் செக்மென்டர்' இருக்கிறது. தமிழில் எஸ்எம்எஸ் எத்தனை ஆகும் என்று பார்க்கும்போது மட்டும் அந்த 'லெங்த்' கணக்குதான் சரி. 70 தாண்டினால் இரண்டாகப் பிரியும்.

எண்கள் பற்றிச் சுருக்கமாக. '1,250' என்பதை 'பார்ஸ் ஃப்ளோட்' டிடம் கொடுத்தால் 1 என்று திருப்பித் தரும், எச்சரிக்கைகூடச் செய்யாது. காற்புள்ளியை முதலில் எடுங்கள். திரும்ப எழுதும்போது இந்திய முறையைக் குறிக்கும் 'என்-ஐஎன்' என்று கொடுத்தால் 12,34,567 என்று நம் லட்சக் கணக்கில் வரும். வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் போன்றவற்றை ஒருபோதும் எண்ணாக மாற்ற வேண்டாம், எழுத்தாகவே வையுங்கள். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் உள்ளதைப் பூஜ்யமாக்கிவிடும்.

தட்டச்சுப் பிழையைப் பிடிக்கும் கருவி ஒன்று கடைக்கு ரொம்ப உதவும். ஆதாரின் 12 இலக்கத்தில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. வெர்ஹோஃப் என்ற டச்சுக் கணிதக்காரரின் முறை. ஒரு இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் பிடித்துவிடும். இரண்டு சிறு அட்டவணையும் ஒரு சுற்றும்தான் கோட். ஐஎஃப்எஸ்சி என்றால் 11 எழுத்து; முதல் நான்கு ஆங்கில எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' அடித்துவிட்டு முழிப்பவர்கள் ஏராளம். எண் அமைப்பு சரியா என்றுதான் இதெல்லாம் சொல்லும். அப்படி ஒரு ஆதாரோ கணக்கோ நிஜமாக இருக்கிறதா என்று சொல்லாது. சரிபார்த்த எண்ணை எங்கேயும் சேமிக்கவும் வேண்டாம். பிரவுசரிலேயே சேமித்து வைக்கும் 'லோக்கல் ஸ்டோரேஜ்' வசதியாக இருக்கும், ஆனால் பொதுக் கம்ப்யூட்டரில் அடுத்து உட்காருகிறவர் திறந்து பார்க்கலாம்.

பின்கோடை வைத்து மாநிலத்தைத் தானாக நிரப்பலாம் என்று யோசனை வரும். நம் ஊரில் அதைச் செய்யாதீர்கள். புதுச்சேரி 605001, கடலூர் 607001. ஆக 605 என்றால் புதுச்சேரி, 607 என்றால் கடலூர் என்று தோன்றும். ஆனால் விழுப்புரம் 605602, அது தமிழ்நாடு. கடலூர் போகும் வழியில் உள்ள பிள்ளையார்குப்பம் 607402, அது புதுச்சேரி. காரைக்கால் 609-இல் தொடங்கும். துண்டு துண்டாகக் கிடக்கிற யூனியன் பிரதேசத்துக்கு மூன்று இலக்கத்தில் வேலி போட முடியாது. ஜாதிச் சான்றிதழ், இட ஒதுக்கீடு எல்லாம் மாநிலத்தைப் பொறுத்தது என்பதால் அந்தப் பெட்டியை ஆளைக் கேட்டே நிரப்புங்கள்.

படிவம் நிரப்பும் புக்மார்க்லெட்டில் ஒன்று சொல்ல வேண்டும். பெட்டியின் 'வேல்யூ'வில் எழுதினால் கண்ணுக்குத் தெரியும். சப்மிட் கொடுத்தால் 'இதை நிரப்பவும்' என்று சிவப்பில் வரும். புதிய தளங்கள் பெட்டியைப் பார்ப்பதில்லை, யாரோ டைப் அடித்தார்கள் என்ற அறிவிப்பைத்தான் பார்க்கின்றன. எழுதிய பிறகு 'இன்புட்' என்ற நிகழ்வை நீங்களே கிளப்பிவிட வேண்டும். ரியாக்டில் செய்த தளங்களுக்கு அதுவும் போதாது. பிரவுசரின் அசல் 'வேல்யூ' செட்டரை (பெட்டியில் மதிப்பை எழுதும் உள் கட்டளை) எடுத்து அதன் வழியாக எழுதி, பிறகு நிகழ்வைக் கிளப்ப வேண்டும். ஒட்டுவதைத் தடுக்கும் பெட்டிகளைத் திறக்கவும் மூன்று வரிக் கோட் உண்டு. இமெயில், முகவரிக்குப் பயன்படுத்துங்கள். வங்கிக் கணக்கு எண்ணை இரண்டாம் முறை கேட்கும் பெட்டியில் வேண்டாம். பிழை தெரியத்தான் இரண்டு முறை அடிக்கச் சொல்கிறார்கள்.

கேப்ட்சாவை உடைப்பது, தத்கால் டிக்கெட்டைத் தானாகப் பிடிப்பது, ஓடிபியை எடுப்பது பக்கம் போக வேண்டாம். யாராவது அனுப்பிய கோடைப் படிக்காமல் கன்சோலில் ஒட்டவும் வேண்டாம். குரோம் முதல் முறை ஒட்டும்போது தடுத்து, அனுமதிச் சொல்லை டைப் அடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

போனில் ஓடுமா என்றீர்களே. எச்டிஎம்எல் கோப்பை, வெப் பக்கங்களுக்கு இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றி முகவரியைப் போனில் திறந்தால் அப்படியே ஓடும். பக்கம்தான் இறங்கி வருகிறது, போட்டோ போனை விட்டு எங்கேயும் போகாது. புக்மார்க்லெட்டும் ஆண்ட்ராய்டு குரோமில் வேலை செய்யும். ஆனால் புக்மார்க் பட்டியலிலிருந்து தொட்டால் ஓடாமல் போகலாம். வேலை செய்ய வேண்டிய பக்கத்தில் இருந்துகொண்டே முகவரிப் பட்டியில் அந்தப் புக்மார்க்கின் பெயரை டைப் அடித்து, கீழே பரிந்துரையாக வருவதைத் தொடுங்கள். அதற்காகவே பெயரைச் சின்னதாக, வேறு எதோடும் குழம்பாததாக வையுங்கள்.